தொண்ணூற்றாறு

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் ஒரு சின்னத் திருத்தம், ஐயா. ‘சோப்புப் பெட்டி இரண்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். அளவு அதுதான், ஆனால் இரண்டுமே கம்ப்யூட்டர்கள். ஒன்று அப்பாவின் கட்டிலோரம், இன்னொன்று சமையலறையில். அப்பாவின் விரலில் மாட்டிய கிளிப், இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அளக்கும். நான் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல், ஐந்து விநாடிக்கொரு தரம் அந்த எண்ணைச் சமையலறைத் திரைக்கு அனுப்பும். தொண்ணூறுக்குக் கீழே போனால் அங்கே மணி அடிக்கும். அக்கா ஓடிப்போய்ச் சிலிண்டரைத் திறந்து முகமூடியை மாட்டுவாள்.

அப்பா வாத்தியாராக இருந்தவர். மூச்சுக்கு முந்நூறு தரம் என்னை உருப்படாதவன் என்பார். பெட்டியை வைத்த அன்று சித்தப்பா முன்னால் சொன்னார்: “இவன் டப்பாவ நம்பி நான் மூச்சு விடணுமா? இவன் செஞ்சது எதுடா இதுவரைக்கும் ஓடிருக்கு?” சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கசந்தது, அதை மறைக்கவில்லை.

தான் சொன்னதை நிரூபிக்கவென்றே அப்பா கிளிப்பைக் கழற்றிவிடுவார். மணி அடிக்கும். அக்கா அடுப்பை அப்படியே விட்டு அடித்துப் பிடித்து ஓடுவாள். “பாத்தியா, டப்பா பொய் சொல்லுது” என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அக்கா பாதியாக இளைத்துவிட்டாள். “என்னால முடியலடா. கொஞ்ச நேரம் நிம்மதியா உக்காரணும்” என்றாள்.

அவளுக்காகத்தான் அந்த வரிகளைச் சேர்த்தேன். எண் தொண்ணூறுக்குக் கீழே வந்தால் அதை விட்டுவிட்டுத் தொண்ணூற்றாறு என்று அனுப்பு. ஒரே எண் நின்றால் சந்தேகம் வருமே, நடுநடுவே தொண்ணூற்றைந்தும் தொண்ணூற்றேழும். அந்த ஒரு வாரம் அக்கா வயிறாரச் சாப்பிட்டாள்.

கிளிப் கழன்றால் பூஜ்யம்தானே வரும், அதை மட்டும் தள்ளியிருந்தால் போதாதா என்று உங்கள் கம்ப்யூட்டர் ஆள் கேட்டார். போதும். அது எனக்கு முதல் நாளே தெரியும்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி. அக்கா திரையைப் பார்த்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாளாம். சாப்பாடு கொண்டுபோனபோதுதான் தெரிந்திருக்கிறது. விறைத்த விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, அழுதுகொண்டே சமையலறைக்கு வந்தாள். திரையில் தொண்ணூற்றாறு. கொஞ்சம் பொறுத்துத் தொண்ணூற்றேழு. அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். அதை யோசிக்காமல் விட்டது என் தப்பு.

உண்மையான எண்களை அழித்துவிட்டேனா என்றீர்கள். இல்லை. அவை என் கைப்பேசிக்கு வந்துகொண்டிருந்தன. ஆபீசில் உட்கார்ந்து பார்த்தேன். எண்பத்திநாலு, எழுபத்தொன்பது, அறுபத்தெட்டு. பூஜ்யம் வரவில்லை, அதனால் அவர் கிளிப்பைக் கழற்றவில்லை என்று தெரிந்தது. அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் அக்காவுக்காகத்தான், ஐயா. வேண்டுமானால் அந்தப் பட்டியலை அச்சடித்துத் தருகிறேன், நீங்களே பாருங்கள். ஐந்து விநாடிக்கு ஒன்று, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஓடாது என்று சொன்னவர் அவர்தான்.