பதிலுக்கான கூப்பன்

மார்ச் 14, செவ்வாய்.

இன்று வந்த ஒரு கடிதத்தில் நேற்றைய தேதி முத்திரையைக் குத்திவிட்டேன். சிறு தவறுதான். மாலை வகுப்பில் நாட்குறிப்பை ஒளிவுமறைவில்லாமல் எழுதச் சொல்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பதிவு அலுவலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் முகவரி கேட்டு எழுதுபவர்கள், பதில் அனுப்பும் செலவுக்கு, எந்த நாட்டிலும் தபால்தலையாக மாற்றிக்கொள்ளக்கூடிய சர்வதேசத் தபால் கூப்பன் இணைக்க வேண்டும். பாதிப்பேர் தங்கள் நாட்டுத் தபால்தலையை வைத்துவிடுவார்கள். அது இங்கே செல்லாது. செல்லாது என்று தெரிவிக்கவும் தபால்தலை வேண்டுமே. ஆகவே தெரிவிப்பதில்லை.

மகளைத் தேடி எழுதிய ஒரு அம்மாவும் முதலில் அப்படித்தான் அனுப்பினார். பூப்போட்ட தபால்தலைகள், பார்க்க அழகு. காதல் கல்யாணம் செய்த மகளைக் கோபத்தில் தலைமுழுகிவிட்டு, மகனோடு கடல் கடந்து போனவராம். இப்போது கண் மங்கி வருகிறதாம். பார்வை இருக்கும்போதே மகளைப் பார்த்துவிட வேண்டுமாம்.

மகளைத் தேட எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அவர் என் அண்ணி.

அண்ணன் இறந்த பிறகும் வீட்டைத் தாங்குவது அண்ணிதான். அப்பாவுக்கு வேளாவேளைக்கு மருந்து, நான் வகுப்பு முடிந்து வந்தால் சூடாகச் சாப்பாடு. அவர் போய்விட்டால் எங்கள் கதி என்ன என்று நான் கணக்குப் போட்டதாக யாரும் நினைக்கக் கூடாது. நான் பார்த்தது அலுவலக விதியை மட்டும்.

சாப்பாடு போடும்போது அண்ணி கிண்டலடிப்பார். "ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் போடுற ஆபீசு. எங்கம்மாகிட்டேருந்து எனக்கு ஒரு வரி வாங்கித் தர முடியலையே தம்பி."

"விதிப்படி கூப்பன் வெச்சுக் கேட்டா பார்க்கலாம் அண்ணி" என்பேன். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பார்.

அந்த அம்மாவிடமிருந்து இன்று வந்த கடிதத்தில் சரியான கூப்பன் இருக்கிறது. கையெழுத்து மட்டும் வேறு. அம்மா சொல்லச் சொல்ல மகன் எழுதியதாம்.

விதியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் மறுபடி படித்தேன். தேடப்படுபவரின் சம்மதம் இல்லாமல் முகவரி தரக் கூடாது. அண்ணியைக் கேட்கலாம்தான். ஆனால் இருக்கிற வேலையில் அவரைக் குழப்புவானேன்? அவர் மனசு எனக்குத் தெரியாதா?

நாளை செய்ய வேண்டியது: மகளுக்குத் தொடர்புகொள்ள விருப்பமில்லை என்று அந்த அம்மாவுக்கு எழுத வேண்டும். கூப்பனை முறைப்படி மாற்றித் தபால்தலை வாங்கி ஒட்ட வேண்டும். அவர் அனுப்பியது வீணாகக் கூடாது.