நிரம்பிய குடமும் வரிசையில் நிற்கும் குடமும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அன்பின் ஆசிரியர் லக்ஷ்மிநாராயணன் சார் அவர்களே! கேட்காமலே கொடுக்க வந்த கொடையாளர் தட்சிணாமூர்த்தி அண்ணா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்த தாய்மார்களே! சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்கும் தம்பிகளே! பம்மலின் பாசமிகு மக்களே, கிளியம்மாளின் பணிவான வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். என் பேத்தி தேன்மொழி காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் முடித்தவள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டும் இறங்கியதில்லை. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், இறங்கும்போது இன்னொரு தரம் சொல்வேன்.

பொத்தேரி நிலம் விற்ற பணத்தில், நம் ஊர்ப் பிள்ளைகள் ஒன்பது பேரின் பேங்க் படிப்புக் கடனை அடைக்கிறேன் என்றார் அண்ணா. ஊர் மகிழ்ந்ததா? மகிழ்ந்தது, ஒரு நாள். மறுநாள் தம்பி சம்பத் ஒரு மனு எழுதினார். கடனை முன்பே கட்டி முடித்த ஆறு குடும்பத்துக்கும் அதே பங்கு வேண்டும், இல்லாவிட்டால் யாருக்குமே வேண்டாம் என்று.

சம்பத் யார்? மகன் கடனுக்காக நாலு வருஷம் பஸ் ஏறாமல் குரோம்பேட்டைக்கு நடந்தே வேலைக்குப் போனவர். "ஒழுங்கா கட்னவன் ஏமாளி, கட்டாதவன் கெட்டிக்காரனா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மனுவில் முதல் கையெழுத்து யாருடையது? என்னுடையது! போன ஆடியில்தான் தேன்மொழியின் கடைசித் தவணைக்கு என் இரண்டு வளையலும் போயின.

ஊர் இரண்டுபட்டது. சண்டை என்றால் பணம் கோயில் கோபுரத்துக்குப் போகும், இன்றைக்குள் முடிவு சொல்லுங்கள் என்றுவிட்டார் அண்ணா.

கையெழுத்துப் போட்ட மறுநாள் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. நான் விடியலிலேயே அரை மைல் நடந்து ஆறு குடம் சுமந்துவிட்டேன். வரிசையின் முன்னால் சரோஜினி. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பு அரித்த கையோடு மகளைப் படிக்க வைத்தவள். அந்த மகளின் சம்பளம் இன்றைக்கும் பேங்குக்கே போகிறது. ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் சுமந்ததற்கு என்ன பதில் என்று லாரிக்காரரிடம் மல்லுக்கு நின்றேன். அவர் குழாயைப் பிடித்தபடியே, "உன் குடம்தான் ரொம்பிக்கீதே ஆயா, இன்னா, கவுத்துட்டு வந்து நிக்கப் போறியா?" என்றார்.

தெருவே சிரித்தது. சரோஜினி சிரிக்கவில்லை. தன் குடத்தைக் காலால் நகர்த்தி, "நீ மொதல்ல புடிச்சிக்கமா" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் சுமந்தேன் என்பதற்காக அவள் வறண்ட குடத்தோடு நிற்க வேண்டுமா? என் தோள் வலித்தது என்பதற்காக அவள் தோளும் வலிக்க வேண்டுமா? வலியைச் சரிசமமாய்ப் பங்கு வைப்பதற்குப் பெயரா நியாயம்?

யாரோ அங்கே "அப்ப வளையல்?" என்கிறீர்கள். போனது போனதுதான், ராசா. வருத்தமில்லை என்றால் பொய். இந்தக் கை வெறுங்கைதான்.

ஆனால் அண்ணா, ஒன்று கேட்கிறேன். கடன் அடைத்ததும் பேங்க் தரும் அந்த ஒன்பது ரசீதையும் நீங்கள் கொடுக்காதீர்கள். கட்டி முடித்த ஆறு குடும்பத்தார் கையால் கொடுக்கச் செய்யுங்கள். எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று இந்த ஊரில் அவர்களுக்குத்தான் தெரியும்.

தலையாட்டிவிட்டார், பார்த்தீர்களா?

தம்பி சம்பத், மனுவைக் கொண்டு வா. பேனாவும் கொடு. போட்ட பெயரை நானே அடிக்கிறேன். உன் பெயர் உன் விருப்பம், நான் கையைப் பிடிக்க மாட்டேன். சரோஜினி மகளின் ரசீதை மட்டும் இந்த வெறுங்கையிலே கொடுங்கள், நான் கொடுக்கிறேன்.

இன்ஜினியர் தேன்மொழியின் பாட்டி விடைபெறுகிறாள். இத்தனை நேரம் காது கொடுத்தவர்களுக்கு நன்றி, காத்திருக்கும் உங்கள் அடுப்புகளுக்கும் நன்றி. வணக்கம்.