உடையப்பன் போட்ட முடிச்சு

மைக்கைத் தரும்போதே ஐந்து விரலையும் அகல விரித்து, "அஞ்சே நிமிசம், செபமாலை" என்று அன்போடு எச்சரித்து அமர்ந்திருக்கும் அவைத்தலைவர், நம் சந்தியாகுபட்டிப் பங்கின் பாசத்துக்குரிய தந்தை எழிலரசன் அடிகளார் அவர்களே! கைப்பிடிச் சுவர் இல்லாமல் காலமெல்லாம் வாய் பிளந்து கிடந்த கிணற்றுக்கு இருபதே நாளில் சுவர் எழுப்பிய ஊராட்சித் தலைவி பிரகதீஸ்வரி அம்மையார் அவர்களே! முன்வரிசையை முற்பகலிலேயே முந்தானை போட்டுப் பிடித்துவைத்திருக்கும் முத்தான தாய்மார்களே! முழங்கால் வலித்தாலும் முதல் பூசைக்குத் தவறாத பெரியோர்களே! செல்போனை உயர்த்தி என்னைப் படம் பிடிப்பதுபோல் பாவனை செய்து வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர் பெருமக்களே! அனைவரையும் அடியேன் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

எதற்காக என்னை மேடையேற்றினார்கள்? தம்பி இன்னாசிக்குப் பொன்னாடை போர்த்த. பெரிய வெள்ளியன்று கிணற்றில் விழுந்த காத்தாயி அக்காவைக் காப்பாற்றிய வீரரை நான்கு வார்த்தை வாழ்த்த. வாழ்த்துகிறேன், வாயார வாழ்த்துகிறேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதோ, பந்தலுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் நிற்கிறாரே, பாரம் கட்டும் உடையப்பன், அவரைப் பற்றி இந்த ஊர் மூன்று வாரமாக ஒன்று பேசுகிறது. "உடையப்பன் சாமியைச் சிலுவையில நெசமாவே கட்டிப்போட்டுட்டான், அதான் செபமாலையால எறங்கி ஓட முடியல" என்று டீக்கடையில் பேசுகிறது, குழாயடியில் பேசுகிறது. அவர் டீக்கடைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு வேடம் போட மாட்டேன் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு உண்மையா, பொய்யா? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்தக் கூட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் ஊரில் பெரிய வெள்ளி என்றால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் கிளம்பும் சிலுவைப்பாதை. வேடம் போட்டு, வெயிலில் வெந்து, மூன்று மணிக்குக் கிணற்றடித் திடலில் சிலுவை நடுவோம். ஒன்பது ஆண்டுகளாக இயேசு வேடம் யாருக்கு? அடியேனுக்கு. கண்டக்டர் வேலையில் இருந்துகொண்டு நாற்பது நாள் தாடி வளர்ப்பது லேசான காரியமா? திருமயம் பஸ்ஸில் ஒரு அம்மாள் டிக்கெட் வாங்காமல் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

சிரிக்காதீர்கள், அந்த டிக்கெட்டை நான்தான் எடுத்தேன்.

என் தாடியோ தவத்தில் வளர்ந்தது. ஆனால் கறுப்பு கடையில் வாங்கியது. என் மனைவி ரஞ்சிதா மூன்றாம் வரிசையில் இருந்து தலையை ஆட்டுகிறார், ஆட்டட்டும், இன்று எதையும் மறைப்பதாக இல்லை.

இயேசுவுக்கு நான். யூதாசுக்கு? பஞ்சர் கடை இன்னாசி. பதினோரு ஆண்டு. ஏன் அவரே? வேறு எவனும் வர மாட்டேன் என்கிறான் ஐயா! யூதாஸ் வந்தால் நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கையில் இருக்கும் கடலைத் தோலை அவன்மேல் வீச வேண்டும். தாய்மார்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்ட வேண்டும். இன்னாசிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அம்மா காபியை நீட்டிவிட்டு, "ஒங்களை எங்கிட்டோ பார்த்து ஏசியிருக்கேனே" என்றாராம். அப்படிப்பட்ட பெயர் பெற்ற வேடம் அது.

கடலை யாருடையது? காத்தாயி அக்காவுடையது. சாமி வேறாக இருக்கலாம், ஆனால் நம் சிலுவைப்பாதைக்கு அவர் இருபது ஆண்டாக அவித்த கடலையோடு வராத வருடம் இல்லை. இந்த ஆண்டு பங்குப் பேரவையில் ஒரு வீரர் எழுந்தார். "ஒருசந்தி நோன்பு நாளில், ஆண்டவர் பாடுபடும் திடலில், அவித்த கடலை விற்பதா? அடுக்குமா? அந்தக் கூடை திடலை விட்டுக் கிணற்றோரம் போகட்டும்!" என்று அனல் பறக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். யார் அந்த வீரர்? அடியேன். பெரிய வெள்ளியன்று கிணற்றடிக்குப் போய் முதல் பொட்டலம் வாங்கித் தின்றவர் யார்? அவரும் அடியேன்தான். சிலுவை சுமக்கத் தெம்பு வேண்டாமா?

ஆக, சுவரில்லாத கிணற்றின் ஓரத்தில் அந்த அம்மாவை உட்கார வைத்தது விதியல்ல. என் தீர்மானம்.

இனி உடையப்பன். வைக்கோல் லாரிக்குப் பாரம் கட்டுகிற கை. நம் கோயிலுக்கு அவர் வேண்டுதல் வைத்தவரும் இல்லை, ஞானஸ்நானம் வாங்கியவரும் இல்லை. ஆனால் ஆறடி உயரம், அரை அடி மீசை. ரோமாபுரிப் படைத்தலைவனுக்கு அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? அன்றைக்கு அவர் இரண்டு கட்டுக் கட்டினார். கிணற்றோரப் புங்க மரத்தில் ஒன்று. யூதாஸ் தொங்கும் காட்சிக்கு, இன்னாசியின் அங்கிக்குள் ஒரு பெல்ட், பெல்ட்டில் ஒரு கொக்கி, கொக்கியில் கயிறு. புதுக் கயிற்றை அறுக்க மனமில்லாமல் மிச்சத்தைச் சுருளாக மரத்தடியில் போட்டு, நுனியை அடிமரத்தில் கட்டினார். இன்னொரு கட்டு என் கைக்கு. கட்டும்போது காதோடு சொன்னார். என்ன சொன்னார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று மணி. சிலுவையை நிமிர்த்திவிட்டார்கள். ஊரே என்னைப் பார்க்கிறது. நான் ஊருக்கு அப்பால் பார்க்கிறேன். அவ்வளவு உயரத்தில் இருந்தால் கிணற்றடி கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். ஒரு ஆடு வந்து காத்தாயி அக்கா கூடையில் வாயை வைத்தது. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து "த்தூ, போ அங்கிட்டு" என்று விரட்டினார். ஆடு முன்னே வந்தது. அக்கா பின்னே போனார். கூடையோடு கிணற்றுக்குள் போய்விட்டார்.

கண்டது யார்? ஆயிரம் பேர் கூடிய திடலில் அதை முதலில் கண்டது நான். அடுத்துக் கண்டது, மரத்தடியில் தன் காட்சிக்காகக் காத்திருந்த இன்னாசி.

இன்னாசிக்கு நீச்சல் தெரியுமா? தெரியாது! டியூபை முக்கிப் பார்க்கும் தொட்டித் தண்ணீருக்கு மேல் அவர் தண்ணீரில் இறங்கியதே இல்லை. கொக்கியை மாட்டினார், சுருளை உதறினார், ஓடினார். ஓடும்போது நாம் என்ன செய்தோம்? இதோ இப்போது தலையைக் குனிகிறீர்களே, அதைத்தான் செய்தோம். "யூதாஸ் ஓடுறான், விடாதே" என்று கடலைத் தோலை வாரி வீசினோம். ஒரு தாய் செருப்பையே வீசினார், பெயர் சொல்ல மாட்டேன், இரண்டாம் வரிசையில் இருக்கிறார். மனிதனைக் காப்பாற்ற ஓடியவன், ஊர் முழுதும் ஏச, ஏச்சுக்கு நின்று பதில் சொல்லாமல், ஓடி, கிணற்றுக்குள் குதித்தான். நாம் கைதட்டினோம். "இந்த வருசம் புது மாதிரியால்ல இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பாராட்டினோம்!

நல்லவேளை, இன்னாசி கழுத்தில் மைக் இருந்தது. சவுண்டு சர்வீஸ் முத்துராஜ் புண்ணியத்தில் அது வேலையும் செய்தது. ஒலிபெருக்கியில் யூதாசின் குரல்: "யாராச்சும் கயித்தப் புடிங்கடா!" சனம் உருகியது. "பய என்னமா நடிக்கிறான்" என்றது. அடுத்த நொடி, நாலு ஒலிபெருக்கியிலும் ஒரு பெண் குரல்.

"ஏ இன்னாசி! என்னைய விடு, அந்தக் கூடையப் புடி, மெதந்து போகுது பாரு!"

"ஆத்தா, கூடை கெடக்கட்டும், மொதல்ல என் கழுத்த விடு! எனக்கும் நீச்சல் தெரியாது!"

யூதாஸ் சாகிற காட்சியில் பெண் குரல் ஏது? அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. உடையப்பன் ஈட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார். ஆறு ரோமாபுரி வீரர்கள் பின்னால் ஓடினார்கள். பிலாத்து ஓடினார், பேதுரு ஓடினார், சாமியாரும் ஓடினார். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். இரண்டு உயிர் மேலே வந்தது, கூடையும் வந்தது. சொட்டச் சொட்ட நின்ற இன்னாசி முதலில் என்ன கேட்டார் தெரியுமா?

"சாமி, நான் இன்னும் தொங்கல. இப்பத் தொங்கவா, வேணாமா?"

சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாம்ப்பா, இந்த வருசம் யூதாசு பொழைச்சுக்கட்டும்" என்றார்.

சிரித்தோம். நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் அன்பர்களே, அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? சிலுவையில். தன்னந்தனியாக. திடலில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் ஏன் கத்தவில்லை? ஏன் இறங்கவில்லை? "கட்டு இறுகிப்போச்சு, நெஞ்சு அடைச்சுப்போச்சு, சத்தம் வரல" என்று மறுநாள் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். பாவம், அவனைக் கட்டிவிட்டானே என்று உடையப்பனை ஏசினீர்கள்.

பொய்! முழுப் பொய்! கட்டும்போது உடையப்பன் என் காதில் சொன்னது இதுதான்: "மாப்ளே, உருவு முடிச்சுத்தான் போட்ருக்கேன். நுனி ஒன் உள்ளங்கையில இருக்கு. மயக்கம் கியக்கம் வந்தா ஒரு இழு, அவுந்துரும்."

ஒரு இழுப்பு, அவ்வளவுதான். நான் இழுக்கவில்லை. ஏன்? என் கடைசி வசனம் பாக்கி இருந்தது. நாற்பது நாள் கண்ணாடி முன்னால் பழகிய வசனம். முத்துராஜ் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். இடையில் கத்தினால் காட்சி கெட்டுவிடும் என்று நினைத்தேன். வேறு யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். அக்கா தண்ணீரில் தத்தளித்தபோது, நான் முகத்தில் வேதனையைக் கொண்டுவந்துகொண்டிருந்தேன்.

இழுக்கவே இல்லையா என்றால், இழுத்தேன். எல்லோரும் கிணற்றடியில் இருந்தபோது என் விலாவில் ஒரு கட்டெறும்பு கடித்தது. ஒரே இழுப்பு! கை வந்துவிட்டது! நன்றாகச் சொறிந்துகொண்டேன். ஓர் உயிருக்காக அவிழாத முடிச்சு ஓர் எறும்புக்காக அவிழ்ந்தது, ஐயா. அந்த வெட்கம் மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை.

விசுவாசம் எங்கே இருக்கிறது? நாற்பது நாள் தாடியிலா? வெள்ளை அங்கியிலா? வெண்கல மணியிலா? வீராவேசத் தீர்மானத்திலா? தாடி வைத்திருந்தவன் மேலே நின்றான், தோலடி பட்டவன் கீழே குதித்தான். ஆண்டவர் அன்று எங்கே இருந்தார் என்று என்னைக் கேட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், சிலுவையில் இல்லை. அங்கே வெறும் செபமாலைதான் இருந்தான். அவர் கிணற்றுக்குள் இருந்தார், கழுத்தளவுத் தண்ணீரில், காத்தாயி அக்கா தலை முங்காமல் தாங்கிக்கொண்டு இருந்தார். மரத்தில் இருந்த கட்டு இரண்டு உயிரைத் தாங்கியது. என் கையில் இருந்த கட்டு அவிழக் காத்திருந்தது. இறுக வேண்டிய இடத்தில் இறுகியது உடையப்பன் கட்டு. அதைக் குறை சொல்ல இந்த ஊரில் எவனுக்கும் வாயில்லை, எனக்கு அறவே இல்லை.

என்ன காத்தாயி அக்கா, எழுந்து நிற்கிறீர்கள்?

"செபமாலை, நீ மேல இருந்து என்னையப் பார்த்துக்கிட்டா இருந்த?"

ஆமாம் அக்கா. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை மன்னிக்க வேண்டும்.

"மன்னிக்கிறது கெடக்கட்டும். அன்னைக்கு வாங்குன பொட்டலத்துக்கு இன்னும் நீ காசு குடுக்கல."

தருகிறேன் அக்கா, கூட்டம் முடிந்ததும் தருகிறேன்! ரஞ்சிதா, பர்ஸை எடுத்து வை!

சாமியார் கடிகாரத்தைத் தட்டுகிறார், முடித்துவிடுகிறேன். அடுத்த ஆண்டு இயேசு வேடம் இன்னாசிக்கு என்று பேரவை முடிவு செய்துவிட்டது. "அந்த ஒசரம் நமக்கு ஆகாது சாமி, தலை கிறுகிறுங்கும்" என்றார். கிணற்றில் குதித்தவருக்கு உயரம் என்றால் பயம்! சிலுவையை இரண்டடி குறைத்து நடுவதாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். யூதாஸ் வேடத்துக்கு ஆள் தேட வேண்டாம். அதை நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். தோலைத் தாராளமாக வீசுங்கள். இரண்டாம் வரிசைத் தாயே, செருப்பையும் தடுக்கவில்லை. காத்தாயி அக்காவின் கூடை திடலின் நடுவிலேயே இருக்கும், என் தீர்மானத்தை நானே கிழித்துவிட்டேன்.

இந்தப் பொன்னாடையோடு இன்னொன்றும் என் சொந்தச் செலவில் வாங்கி வந்திருக்கிறேன். ஒன்று இன்னாசிக்கு. மற்றொன்று உடையப்பனுக்கு. மாப்ளே, சைக்கிளை நிறுத்திவிட்டு மேடைக்கு வா. ஊர் பார்க்க என்னை மன்னிக்கிறாயா?

"வாரேன், வாரேன். ஆனா ஒன்னு, அடுத்த வருசமும் ஒன்னைய நாந்தான் கட்டுவேன்!"

கேட்டீர்களா? ஊரே ஏசியபோது வாய் திறக்காத மனிதர் கேட்கும் ஒரே ஒரு வரம்! கட்டு மாப்ளே, எந்த முடிச்சு வேண்டுமானாலும் போடு. உன் முடிச்சில் அன்றைக்கும் குறை இல்லை, என் கையில்தான் குறை. இந்த முறை நான் இழுப்பேன்.

பொறுத்த பெரியோர்க்கும், சிரித்த தாய்மார்க்கும், ஐந்து நிமிடத்தை அரை மணியாக்க விட்ட அவைத்தலைவருக்கும் அடியேன் செபமாலையின் நன்றி. இயேசுவுக்கே புகழ், உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.