குறட்டைத் தந்தி

– இன்னிக்குமா?

– இன்னிக்கும்தான். கேளு... வயலின்ல தடிச்ச தந்தி மட்டும் தொங்கிக் கெடக்கு. மத்த மூணும் கல்லு மாதிரி நிக்குது.

– சரி, முறுக்கிட்டுக் கிளம்புங்க. வேன் வந்துடும்.

– ம்...

– முறுக்குங்கன்னா, அதையே இழுத்து இழுத்துக் கேட்டுட்டிருக்கீங்க?

– தந்திய முறுக்கற பிருடை வழுக்குதுமா. முறுக்கினாலும் நிக்காது. மேடையில நடுவுல இறங்கிச்சுன்னா?

– சாக்பீஸ் தேய்ங்க. எப்பவும் அதானே பண்ணுவீங்க.

– தேச்சுத் தேச்சு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய சாக்பீஸ் தீந்துடுச்சு.

– ரிப்பேர்காரர்கிட்ட கொண்டு போனீங்களே... அவர் என்னதான் சொன்னார்?

– என்னத்தச் சொன்னார்... பழைய மரம், அப்படித்தான் இருக்கும்னார்.

– அவ்ளோதானா?

– அவ்ளோதான். ஏன் அப்படிப் பாக்கற?

– இல்ல... சும்மா கேட்டேன். நீலச் சட்டைய மேல வச்சிருக்கேன். மாத்திரை பக்கத்துப் பையில.

– துணிய எதுக்கு மடிச்சு மடிச்சு வைக்கற? நான்தான் போகலன்னு சொன்னேன்ல.

– எப்பச் சொன்னீங்க?

– இப்பதான் சொல்றேன்.

– விளையாடாதீங்க. ஓட்டல் மூலையில உக்காந்து, சாப்பிடறவங்க முதுகப் பாத்து வாசிச்சுட்டிருந்த மனுஷன் நீங்க. இப்பதான் ஒரு நல்ல குழு, முன்வரிசை நாற்காலின்னு கூப்பிடறாங்க. மாசக்கணக்குல ஊர் ஊரா வேல. இத விட்டா அடுத்து யாரு கூப்பிடுவா?

– அதுக்கில்லமா...

– எனக்காகன்னா வேண்டாம். தங்கச்சி வந்து கூட இருக்கேன்னிருக்கா.

– காதும்... காதும் சரியில்லயோன்னு தோணுது. நேத்து ஒத்திகையில எல்லாரும் ஒரே சுருதியில நிக்கறாங்க, எனக்கு மட்டும் வேற எங்கயோ கேக்குது.

– உங்களுக்கா? பக்கத்து வீட்டு மிக்சி எந்தச் சுருதியில ஓடுதுன்னு சொல்ற காதுங்க அது.

– அந்தக் காதுதான்... போயிடுச்சு.

– போன் அடிக்குது. எடுங்க.

– நீ எடு.

– உங்க குழுவுல கீபோர்டு வாசிக்கற தம்பிதான். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களே பேசுங்க.

– அண்ணே, தெருமுனைக்கு வந்துட்டோம். கீழ இறங்கி நில்லுங்க. லேட்டானா நம்ம குழுத் தலைவர் முகாரி பாட ஆரம்பிச்சுடுவார்.

– தம்பி... நான் வரல. வயலின் தகராறு பண்ணுது. காதும் போச்சுன்னு தலைவர்கிட்ட சொல்லிடு. வேற ஆளப் போட்டுக்கச் சொல்லு.

– காலங்காத்தால என்னண்ணே இது... வயலின் பெட்டியப் பூட்டி வைங்கன்னு நான் பூட்டு வாங்கித் தந்தேனே, அதையாவது போட்டீங்களா?

– சாவி தொலைஞ்சிடுச்சு.

– அண்ணி, பக்கத்துலதான இருக்கீங்க? பாப்பா போனதுலேர்ந்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தவர எப்படி இழுத்துட்டு வந்தோம்னு உங்களுக்கே தெரியும். மறுபடி உக்காந்துட்டார்னா எழுப்ப முடியாது அண்ணி.

– தெரியும் தம்பி. கொஞ்சம் நில்லுங்க, வேனைக் கிளப்பிடாதீங்க. நான் இவர அனுப்பி வைக்கறேன்.

– கட் பண்ணிட்டியா?

– பண்ணிட்டேன். காது போச்சுன்னு வாயாலயே சொல்லிட்டீங்களே... நாளைக்கே ஊர் பூரா பரவிடும். அப்புறம் அந்த ஓட்டல் மூலை கூட கிடைக்காதுங்க.

– பரவட்டும்.

– ஒரு வாரம் போய்ப் பாருங்க. வெளியூர்ல உங்க பெட்டியத் தொட ஆளில்ல. தந்தி அசையாம நிக்கும்.

– நிக்கும்ல... அதான்.

– என்ன அதான்?

– ஒண்ணுமில்ல. அது சரி... நிக்கும்னு நீ எப்படி இவ்ளோ உறுதியாச் சொல்ற?

– திட்ட மாட்டீங்களே?

– எதுக்குத் திட்டப் போறேன்?

– பிருடைக்கு ஒண்ணுமில்லங்க. காதுக்கும் ஒண்ணுமில்ல. நான்தான்.

– நீதான்...?

– தினமும் நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி, நான்தான் திருகி விடறேன்.

– நீயா.

– நம்ம வாலு, நம்ம பாப்பா திருகுவாளே, அதே மாதிரி. "அப்பா மாதிரியே குறட்டை விடுது பாரும்மா"ன்னு இழுத்துக் காட்டுவாளே... அந்த இடத்துக்கு.

– அதே இடம்... துளி பிசகல.

– எனக்குத்தானே முதல்ல காட்டினா. அந்தக் காய்ச்சல் அவளக் கொண்டு போனதுக்கப்புறம், நீங்க அவளப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நான் ஆரம்பிச்சாலும் எந்திரிச்சுப் போயிடுவீங்க. ஒரு நாள் பெட்டியத் துடைக்கறப்போ கை பட்டு அந்தத் தந்தி இறங்கிடுச்சு. நீங்க எடுத்துப் பாத்துட்டு, பழைய பழக்கத்துல... "எந்த வாலு என் பெட்டியத் தொட்டது"ன்னீங்க.

– ஆமா... சொன்னேன்.

– நான் அடுப்படியில நின்னு அழுதேன். எனக்கு மட்டும்தான் அவ ஞாபகம்னு இருந்துச்சு. உங்க வாயிலயும் அவ இருக்கான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அத மறுபடி மறுபடி கேக்கணும்னுதான்... உங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறேன்னு நினைக்கலங்க. திட்டவாவது திட்டுங்க. கீழ ஹாரன் அடிக்கறாங்க. இனிமே தொட மாட்டேன், சத்தியமா. இப்பவாவது கிளம்புவீங்கல்ல?

– ரிப்பேர்காரர் அன்னிக்கே சொல்லிட்டார்மா. பிருடை நல்லா இருக்கு, யாரோ கையால திருகறாங்கன்னு. உங்கிட்டதான் மறைச்சேன். காதும் போகல, சாவியும் தொலையல, என் சட்டைப் பையிலதான் இருக்கு... பாப்பாதான் வந்து திருகிட்டுப் போறதா நினைச்சுட்டிருந்தேன். நான் வயலினத் தூக்கிட்டு ஊர் ஊராப் போயிட்டா, வந்து தேடுவாளேன்னு...