கொய்யாவுக்கு எந்தப் புள்ளி?

சைவ உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. உதிரியாக விற்கும் கொய்யாவுக்கு அது பொருந்தாது. மஞ்சக்குட்டை பஸ்ஸில், மடியில் கொய்யாக்கூடை வைத்திருந்த பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, கொய்யா கவிச்சியாகுமுங்களா?"

"என்ன கண்ணு ஒளர்ற?"

"வாடாம இருக்க ஒரு தண்ணியில முக்கிக் குடுத்தாங்க. எறா ஓட்டுல செஞ்சதாமுங்க."

"கழுவிப்போடு."

"போகாதுங்க. தோலோட அப்படியே திங்கலாமாமுங்க."

"அப்பச் சீவிரு."

"சீவுன பழத்தைச் சாமிக்கு வைக்கறதுங்களா? பையனுக்குக் காய்ச்சல் தீந்ததுக்குப் பெருமாளுக்கு வேண்டுதலுங்க, புரட்டாசி சனிக்கிழமை."

"பெருமாளே மீனா வந்தவருதான?"

"வந்தாருங்க, தின்னாருங்களா? உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருக்கறேன். பதில் வந்தாத்தான் படைப்பேன்."

பதில் வந்ததை அவளே பிறகொரு நாள் அதே பஸ்ஸில் சொன்னாள். அது வந்தது, புரட்டாசி முடிந்து ஊரே கறிக்கடையில் நின்ற ஐப்பசி முதல் தேதி.