நாற்பது கூடையும் இரண்டு நிமிடமும்

நேற்று மதியம் சோதனையில் வென்றோம். எக்ஸ்பிரஸ் இனியும் நம் ஊரில் நிற்கும்!

தலைமையேற்றிருக்கும் நிலைய அதிகாரி அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பூவைக் கட்டியே குடும்பத்தையும் கட்டிக் காக்கும் தாய்மார்களே, தோள் கொடுத்த தோழர்களே, வணக்கம்!

பதினாறு மணி நேரம் ஓடுகிற ரயில் நமக்காக இரண்டு நிமிடம் நிற்கத் தயங்கியது ஏன்? குற்றம் ரயிலிடமா? இல்லை, நம்மிடம்! பூ வியாபாரிகள் நாம் “என் கூடை முதலில்” என்று சரக்குப் பெட்டி வாசலில் முட்டினோம், மோதினோம். இரண்டு நிமிடத்தை ஆறாக்கினோம். அதில் முதல் முரடன் யார்? நான்தான்! அங்கே ஒருவர் “தெரியும், தெரியும்” என்கிறார். தெரிந்தும் மேடையேற்றினீர்களே, உங்கள் மனம் பெரிது!

“இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வண்டி இங்க நிக்காது, மொதலாளி” என்றார் அதிகாரி. வண்டி நிற்காவிட்டால் பூ காத்திருக்குமா? வாடும்! பூ வாடினால் கட்டும் கை வாடும்; கை வாடினால் வயிறு வாடும்! இரண்டு நிமிடத்தில் ஏற்றிக் காட்டுகிறோம் என்று சோதனைக்கு ஒரு நாள் கேட்டோம், கொடுத்தார்.

கிடங்குச் சுவரில் சாக்பீஸால் பெட்டிக் கதவை வரைந்து ஐந்து நாள் ஒத்திகை பார்த்தோம். கடைசி ஊரில் இறங்கும் கூடை உள்ளே, அடுத்த ஊரில் இறங்கும் கூடை வாசலோரம். அந்தச் சுவர் ரயில் ஒருநாளும் தாமதமாகவில்லை!

நேற்று நிஜ ரயில் வந்தது. கூட்டம் அதிகமென்று இரண்டு பெட்டி கூடுதலாக மாட்டியிருந்தார்கள். சரக்குப் பெட்டி அவ்வளவு தூரம் தள்ளி நின்றது! பழக்கதோஷம், என் கூடையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன்.

பூக்கட்டும் அக்கா ஒருவர் அதட்டினார்: “அட, எங்க ஓடுறீங்க? வரிசையா நின்னு கை மாத்துங்க! யார் கூடைன்னு பாக்காதீங்க! மொதலாளி, ஒங்களுக்குந்தான்!”

நின்றேன். பக்கத்தில் பத்து வருடமாகப் பேசாத எதிர்க்கடைக்காரர். அவர் கூடை என் கையில்!

“பாத்துய்யா, கீழ போட்டுராத” என்றார்.

“போடணும்னா பத்து வருஷம் முன்னாடியே போட்டிருப்பேன். வாங்குய்யா!”

வழியனுப்ப வந்தவர்கள் சேர்ந்தார்கள். டீ விற்பவர் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சேர்ந்தார். கை கையாய், கூடை கூடையாய், நாற்பதும் ஏறின. அதிகாரி கடிகாரத்தைக் காட்டினார்: ஒரு நிமிடம் ஐம்பது வினாடி!

பிறர் தயவின்றி முன்னேறியவன் என்று இதுவரை மார்தட்டியவன் நான். முகம் தெரியாதவர்கள் என் சரக்கைச் சுமந்த பிறகு அந்தப் பேச்சு இனி என் வாயில் வராது. கை கொடுத்த எல்லோருக்கும் என் நன்றி, என் வணக்கம்.

கையெழுத்தான ஒப்பந்தத்தையும் கேட்டுவிட்டுப் போங்கள்: நிறுத்தம் ஆறு மாதம், நேரம் இரண்டு நிமிடம், மூன்று முறை தாமதித்தால் ரத்து, வரிசைக்குத் தலைமை அந்த அக்கா, அவர் சொல்லுக்கு முதலாளிகள் அத்தனை பேரும் கட்டுப்பட்டவர்கள்!