இதோ ஆச்சு, அக்கா

— அந்தப் பூஜாடியைத் தொடாத, நார்சிஸா அக்கா! காலையிலேர்ந்து அடுக்கியிருக்கேன். சாயங்காலம் நம்ம தூதரக விருந்துக்கு இந்த நாட்டு அமைச்சர் வந்து உட்காரப் போற மேஜை அது.

— தொடலைடா ஃபாபியன். பார்த்தேன், அவ்வளவுதான். நல்ல பூ. நீ முதல்ல உட்காரு, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.

— இதோ ஆச்சு, ஒரு நிமிஷம். பிஸ்கோச்சோ ரொட்டி எங்க? அதுக்குப் பேர்போன கயாம்பே ஊர்க்காரி வெறுங்கையோட வருவாளா? விருந்துல வைக்கலாம்னு நம்ம தூதர்கிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேன்.

— இந்தத் தடவை நான் அந்த வழியா வரலை.

— சரி, விடு. நீ பேச வேண்டியதைக் கேட்டுக்கோ. 'நான் ஈக்வடார்ல ரோஜாத் தோட்டம் வச்சிருக்கேன். இறக்குமதி வரி எங்க கழுத்தை நெரிக்குது. பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்துல எங்க நாட்டைச் சேர்க்க நீங்க ஆதரவு தரணும்.' அவ்வளவுதான். கடைசியில கொஞ்சம் குரல் தழுதழுத்தா நல்லாயிருக்கும்.

— அதை நான் சொல்ல முடியாதுடா.

— மேடைன்னா பயமா? சந்தையில நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவியே!

— பயமெல்லாம் இல்லை. போன வருஷம் இதே அமைச்சர் நம்ம இறாலைத் தட்டுத் தட்டாச் சாப்பிட்டுட்டு என்ன சொன்னாரு?

— 'பரிவோட பரிசீலிக்கிறோம்'னாரு.

— அதுக்கு முந்தின வருஷம்?

— அப்ப இருந்தவர் வேற ஆள். அவரும் பரிவாத்தான் இருந்தாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு! ஒப்பந்தத்துக்குள்ள இருக்கிற ஒவ்வொரு நாடும் தலையாட்டணும். இவங்ககிட்டப் போனா, 'அவங்க சரின்னா நாங்களும் சரி'ங்கிறாங்க. அவங்ககிட்டப் போனா இவங்களைக் கைகாட்டுறாங்க. நான் நடுவுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். வீட்டுக்குப் போனா வாய் வலிக்குது அக்கா.

— உனக்கு வாய் வலிக்குது. எனக்கு வயிறு எரியுது. அங்க ரோஜா வளர்த்த பசுமைக்குடில் ஒவ்வொண்ணா பிளாஸ்டிக்கைப் பிரிச்சு எடுத்தாச்சு. காதலர் தினம் வந்தா மூச்சுவிட நேரமில்லாம பூ கட்டின பொண்ணுங்க, இப்ப தலைநகர் கீட்டோவுல வீட்டு வேலை பார்க்குதுங்க. ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் 'இதோ ஆச்சு'ம்பே. நம்ம ஊர்ல 'இதோ'ன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? பஸ்காரன் சொல்றதும் இதோதான், குழாய் ரிப்பேர்காரன் சொல்றதும் இதோதான்.

— இது வேற இதோ! நம்ம எர்மெலிந்தா அம்மா மேல சத்தியமா சொல்றேன், இந்த வருஷம் கதவு திறந்துடும். இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோ.

— செத்துப் போனவளை எதுக்குடா இழுக்கிறே? நான் சொல்ல வந்ததைக் கேளு...

— இதோ, இதோ. அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிடறேன். கத்தக் கூடாது.

— சொல்லித் தொலை.

— இந்த ஜாடியில இருக்கிறது... நம்ம ஊர்ப் பூ இல்லை.

— ம்.

— கொலம்பியா பூ. அவங்களுக்கு இந்த நாட்டோட தனி ஒப்பந்தம் இருக்கு, வரி கிடையாது. நம்ம பூவை வாங்க நமக்கே கட்டுப்படியாகலை. வெட்கக்கேடுதான். பரிமாறும்போது யாரும் கேட்காம இருந்தா சரி. என்னக்கா, சிரிக்கிற? நீ ஜாடியைத் தூக்கி எறிவேன்னு நினைச்சேன்!

— பூ வந்த பெட்டி எங்க?

— மேஜைக்கு அடியில கிடக்கு. எதுக்கு?

— தோட்டத்துப் பேரு போட்டிருக்கும், பாரு. சத்தமாப் படி.

— 'எர்மெலிந்தா மலர்த் தோட்டம், போகோட்டா, கொலம்பியா...' அக்கா! இது அம்மா பேரு!

— இதைத்தான்டா வந்ததுலேர்ந்து சொல்ல வாயெடுக்கிறேன், நீ விட்டாத்தானே? கயாம்பே நிலத்தை வித்தாச்சு. நம்ம செடியிலேர்ந்து குச்சி வெட்டிக் கொண்டுபோய் அங்க நட்டேன். வேர் பிடிச்சிடுச்சு. யார் ஆதரவும் கேட்கலை.

— அக்கா... விருந்தாளிங்க வர்ற நேரமாச்சே...

— வரட்டும். இப்ப நீ சொல்லு தம்பி, என்னை எந்த நாட்டுக்காரின்னு சொல்லி மேடைக்குக் கூப்பிடப் போற?